பன்னிரண்டாவது பெயர்

செப்டம்பர் பிறந்து ஐந்தாம் நாள்

இந்த வீட்டில் நான் எழுதுவதெல்லாம் பிறருக்காக. பெரியவர் சொல்லச் சொல்லக் கடிதம், சமையல்கட்டுக்குப் பட்டியல், செனட்டில் பேசுவதற்குப் பேச்சு. இன்றுமுதல் எனக்காகவும் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று பழைய விருந்துப் பட்டியல்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். முன்பக்கத்தில், மூன்று வருடத்துக்கு முன் ஒரு விருந்தில் எந்தக் கனவான் எந்த மஞ்சத்தில் சாய்ந்திருந்தார் என்று இருக்கிறது. பின்பக்கத்தில் நான் இருக்கிறேன்.

நான் என்றால் ஔலுஸ் பாபிரியுஸ் ஹெர்மாஸ். முதல் இரண்டும் பெரியவருடைய பெயர்கள். ஐந்து வருடத்துக்கு முன் என்னை விடுதலை செய்தபோது அவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். ஹெர்மாஸ் மட்டும் என்னுடையது, அதுவும் என்னைச் சந்தையில் விற்றவன் வைத்தது. விடுதலையான பிறகும் அதே வீடு, அதே மேஜைதான். இப்போது யாரும் என்னை அடிக்க முடியாது, அதுதான் வித்தியாசம். அடிவாங்கும்படி நான் வேலை செய்ததும் இல்லை. ரோமாபுரியில் இந்தக் குன்றின் மேல் ஹெர்மாஸைப் போல ஒழுங்கான எழுத்தன் கிடையாது என்று பெரியவரே பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பெரியவர் படுத்த படுக்கையாகிவிட்டார். வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, திராட்சை அறுவடை முடியும்வரை தாங்குவார் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேறு கவலை இருக்கிறது. மெலிஸ்ஸா ஆறு மாதக் கர்ப்பம். எட்டு வருடமாக என்னோடு வாழ்கிறாள். மனைவி என்று நான் சொல்வேன், சட்டம் சொல்லாது, ஏனென்றால் அவள் இன்னும் இந்த வீட்டு நெசவறை அடிமை. தாய் எதுவோ பிள்ளையும் அதுவே. தகப்பன் விடுதலையானவன் என்பது பிள்ளைக்கு எள்ளளவும் உதவாது. டிசம்பரில் பிறக்கும். அதற்குள் அவளுக்கு விடுதலை கிடைக்காவிட்டால், என் பிள்ளை பாபிரியுஸ் குடும்பத்தின் சாமான்களில் ஒன்று.

"பெரியவர்கிட்ட கேளுங்களேன்" என்றாள் இன்றும்.

"சமயம் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க சமயம் பாத்துப் பாத்தே எனக்கு வயிறு இவ்வளவு வந்துடுச்சு."

செப்டம்பர் பிறந்து எட்டாம் நாள்

பெரியவர் இன்று உயில் சொன்னார். இதற்கென்றே மரத்தில் மெழுகு பூசிய புதுப் பலகை ஒன்றை எடுத்துவைத்திருந்தேன். எழுத்தாணியை நான் அழுத்திப் பிடிப்பது அவருக்கு எப்போதும் கேலி.

"டேய், எழுதுறியா, உழுறியா?"

"எழுதுறேன் ஐயா."

"அடியில மரம் கிழியுற சத்தம் இங்க கேக்குது."

வீடும் நிலமும் தம்பி மகன் செக்ஸ்துஸுக்கு. பிறகு விடுதலைப் பெயர்கள். புதுச் சட்டம் வந்ததிலிருந்து இதில் பெரிய தொல்லை. முப்பதுக்கு மேல் அடிமைகள் இருந்தால், உயிலில் நாலில் ஒரு பங்குப் பேருக்கு மேல் விடுதலை கொடுக்கக் கூடாது. இந்த வீட்டிலும் திபூர் பண்ணையிலுமாக நாற்பத்தெட்டுப் பேர். ஆகவே பன்னிரண்டு. பெயர்களை மேலிருந்து எண்ணி வருவார்கள். அளவு எங்கே முடிகிறதோ அதற்குக் கீழே உள்ளவன் அடிமையாகவே இருப்பான். முந்தி பிந்தி வேண்டாமென்று யாரோ ஒருவர் பெயர்களை வட்டமாக எழுதிவைத்தாராம். ஒருவருக்கும் கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நாலாவதாகத் திர்ஸுஸ் வந்தான். எங்கள் நாவிதன்.

"இருபது வருஷமா தினம் என் கழுத்துல கத்தி வைக்கிறான்டா. ஒரு கீறல் கெடையாது. என் பெண்டாட்டியக்கூட நான் அவ்வளவு நம்புனதில்ல."

பதினொன்று ஆயிற்று. பிறகு நிறுத்திவிட்டார். நான் எழுத்தாணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதுதான் சமயம். வாயைத் திறந்தால் போதும். நுனியில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு இடம் பாக்கி இருக்கில்ல?" என்றார் அவரே. "யாரப் போடலாம்… ஆங், உன் நெசவுக்காரிய எழுதிக்க. பேரு என்ன?"

மெலிஸ்ஸா என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தார். அவர் காலைத் தொட்டேன். இவ்வளவு நல்ல மனிதரிடம் கேட்க இத்தனை நாள் தயங்கினோமே என்று வெட்கமாக இருந்தது.

கடைசிப் பெயர்தான். ஆனால் பன்னிரண்டுக்குள் இருக்கிறாள்.

செப்டம்பர் பிறந்து ஒன்பதாம் நாள்

உயிலைச் சுத்தப் பிரதி எடுத்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை. கை வலி. பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. இதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

முதல் பலகையின் மெழுகைச் சூடாக்கித் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டேன். பலகை வீணாகக் கூடாது.

செப்டம்பர் பிறந்து பதினோராம் நாள்

ஏழு சாட்சிகள் வந்தார்கள். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது. படித்துக் காட்டவேண்டும் என்று சட்டமும் கேட்பதில்லை. பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த மெழுகில் எழுதியிருப்பதுபோலவே கொடுக்கிறேன், சாட்சியாக இருங்கள்" என்று சொன்னார். கயிறு கட்டி ஏழு முத்திரை வைத்தார்கள்.

"யார் எழுதினது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஹெர்மாஸ்" என்றார் பெரியவர். "அப்புறம் பாக்க என்ன இருக்கு?"

செப்டம்பர் பிறந்து பன்னிரண்டாம் நாள்

இன்று சவரம் செய்துகொள்ளவில்லை. தொண்டை சரியில்லை.

செப்டம்பர் பிறந்து இருபதாம் நாள்

எட்டு நாள் தாடியோடு திரிய முடியுமா? போய் உட்கார்ந்தேன். திர்ஸுஸ் வேலை செய்துகொண்டே பேசுவான். பக்கத்தில் ஒரு சின்னச் சிமிழ் வைத்திருப்பான், அதில் எண்ணெயில் நனைத்த சிலந்தி வலை. வெட்டுப்பட்டால் அப்புவதற்கு. அவன் கையில் யாருக்கும் வெட்டுப்பட்டதில்லை. வலை காய்ந்துபோனதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பான்.

நான் விடுதலையான அன்று என் தலையை மழித்தவன் இவன்தான். விடுதலையானவன் தலையை மழித்துக் கம்பளித் தொப்பி போடவேண்டும் என்பது வழக்கம். அன்று அவன் கண்ணில் தண்ணீர். "அண்ணே, அசையாதீங்க, எனக்குத்தான் கண்ணு மறைக்குது" என்றான். அப்போதும் கீறல் விழவில்லை.

இன்று கத்தியைத் தீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, கேக்கக் கூடாதுதான். என் பேரு இருக்கா?"

"இருக்கு" என்றேன். அது உண்மை.

கத்தியைத் தீட்டி முடித்தான். பிறகு ஆற்றுப் பாலத்தடியில் ஒரு வளைவு காலியாக இருக்கிறதாம், ஒரு முக்காலி போட இடம் போதும், வெளிச்சம் கிழக்கிலிருந்து வருமாம், எல்லாம் சொன்னான். "சொந்தக் கையால ஒரு நாள் கடைய மூடணும் அண்ணே. இன்னிக்கு வேலை போதும்னு நானே சொல்லணும். அவ்வளவுதான் ஆசை. உங்களுக்கு ஆயுசுக்கும் நான்தான் சவரம், சொல்லிட்டேன்."

அவன் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது என்று எழுத நினைத்தேன். நன்றாக இல்லை.

அக்டோபர் பிறந்து மூன்றாம் நாள்

மெலிஸ்ஸாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். விடுதலையானால் தன் பெயரைத் தானே எழுதவேண்டும் என்று அவளுக்கு ஆசை. உயில் சொன்ன பலகையைத்தான் கொடுத்திருக்கிறேன், வேறு சும்மா கிடப்பது எதுவுமில்லை. கோழி கிளறியதுபோல எழுதுகிறாள். ஆனால் தன் பெயரை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். எழுத்தாணியைப் பூப்போலப் பிடிக்கிறாள், மெழுகுக்குக்கூட வலிக்காது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சுத்தப் பிரதியில் இரண்டு பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. பன்னிரண்டு பேருக்கும் விடுதலை என்னும்போது யார் எந்த வரியில் இருந்தால் என்ன? சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான். யாருக்கும் நஷ்டமில்லை.

அக்டோபர் பிறந்து பதினான்காம் நாள்

திபூர் பண்ணையிலிருந்து கடிதம். கோவேறு கழுதை உதைத்து வண்டிக்காரன் ஒருவன் இறந்துவிட்டான். அவன் பெயர் உயிலில் இல்லை.

நாற்பத்தேழு. நாலால் வகுத்தால் பன்னிரண்டு வராது. பதினொன்றுதான்.

கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதாமல் இருக்கலாம். எழுதுகிறேன். மெலிஸ்ஸா தப்பினாள் என்றுதான் தோன்றியது. மனம் குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் திர்ஸுஸின் நினைவு வந்தது, அதுவும் வெகு நேரம் கழித்து.

இனிப் பூசி மெழுகி என்ன பயன்? நாலாவது இடத்தில் அவளை எழுதி, அவனைப் பன்னிரண்டில் வைத்தவன் நான். ஏன் அவனை? மேலே இருந்த மற்றவர்களில் ஒருத்தி சமையல்காரி, சந்தேகம் வந்தால் ஊரைக் கூட்டுவாள். ஒருவன் செக்ஸ்துஸுக்கு வேண்டியவன். ஒருவன் பொல்லாதவன். திர்ஸுஸ் யாரிடமும் சண்டை போடமாட்டான், யாரையும் சந்தேகப்பட மாட்டான். நல்லவன் என்பதற்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். இதை எழுதும்போது என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் சொன்னால் திர்ஸுஸை நாளைக்கே நீதிபதி முன் நிறுத்தி விடுதலை செய்துவிடுவார். உயிரோடு இருக்கும்போது செய்வதற்குக் கணக்கு வரம்பு கிடையாது. நாளை சொல்வேன்.

அக்டோபர் பிறந்து பதினைந்தாம் நாள்

இரண்டு முறை அவர் அறைக்குப் போனேன்.

"என்னடா?" என்றார்.

"ஜன்னலைச் சாத்தட்டுமா ஐயா?"

"சாத்தித்தானே இருக்கு."

இரண்டாம் முறையும் ஜன்னலைப் பற்றித்தான் பேசினேன். திர்ஸுஸுக்கு இப்போதே விடுதலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் போதும் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அங்கே நின்றபோது, "ஏன், நாலாவதாத்தானே அவனச் சொன்னேன்?" என்று அவர் கேட்பார் என்பது மட்டும்தான் தெரிந்தது. உயிலைத் திருத்திய எழுத்தனைத் தீவுக்கு நாடு கடத்துவார்கள். தீவை நினைத்துப் பயந்தேன். அதைவிட, பெரியவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்துப் பயந்தேன்.

அக்டோபர் பிறந்து பதினேழாம் நாள்

விடியற்காலையில் பெரியவர் போய்விட்டார். கடைசியாகத் தண்ணீர் கேட்டார். நான்தான் கொடுத்தேன். "நீ இருக்கியா, சரி" என்றார்.

வழக்கப்படி எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டோம். உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், கால் வாசலைப் பார்த்து. எனக்குத் தகப்பன் யாரென்று தெரியாது. இன்று அப்படி ஒருவரை இழந்தவனைப்போல அழுதேன். அழும்போதே, இனி அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. இப்படிப்பட்ட அழுகையை என்னவென்று சொல்வது?

அக்டோபர் பிறந்து இருபதாம் நாள்

இன்று உயில் திறந்தார்கள். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நான் கூடத்துக்கு வரும்போதே திர்ஸுஸ் தலையை மழித்துக்கொண்டு நின்றான். விடுதலையாகும் ஆண்களுக்கெல்லாம் அவன்தான் மழிக்கவேண்டும், அப்புறம் தனக்கு நேரமிருக்காது என்று, விடிவதற்குள் தன் தலையைத் தானே முடித்துவிட்டானாம். பின்மண்டையைத் தடவிக் காட்டி, "சரியா வந்திருக்கா அண்ணே? கண்ணாடியில தெரியல" என்றான். இடுப்பில் புதுக் கம்பளித் தொப்பியைச் செருகியிருந்தான்.

வேறு எவனும் உயில் படிப்பதற்கு முன் மழித்துக்கொள்ளவில்லை. இவனுக்கு மட்டும் நிச்சயம். நான் சொல்லியிருந்தேன் அல்லவா.

சாட்சிகள் முத்திரையைப் பார்த்து, தங்களுடையதுதான் என்றார்கள். கயிறு அறுபட்டது. செக்ஸ்துஸ் கூட்டி வந்திருந்த வழக்கறிஞர் படித்தார். விடுதலைப் பகுதி வந்ததும் நிறுத்தி, "இறந்த அன்னிக்கு மொத்தம் எத்தனை அடிமைகள்?" என்று கேட்டார்.

செக்ஸ்துஸ் என்னைப் பார்த்தார். "ஹெர்மாஸுக்குத்தான் தெரியும்."

வண்டிக்காரன் இறந்த கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. பண்ணைக் காரியஸ்தர் அங்கே இல்லை. நாற்பத்தெட்டு என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் மறுக்க ஆள் கிடையாது. பன்னிரண்டு பேரும் போயிருப்பார்கள். ஒரே ஒரு சொல். பிற்பாடு யாராவது எண்ணிப் பார்த்தால், அப்புறம் உயிலையே கிளறுவார்கள் என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலுக்கு எப்போதும் நல்ல புத்தி.

"நாற்பத்தேழு" என்றேன். "ஐயா போறதுக்கு நாலஞ்சு நாள் முன்னால பண்ணையில ஒருத்தன் தவறிட்டான்."

"ஹெர்மாஸ் கணக்குன்னா சரியா இருக்கும்" என்றார் ஒரு சாட்சி. தலையாட்டினார்கள். பட்டியலைப் புரட்டினவன், எண்ணிக்கையில் மட்டும் சத்தியசந்தனாக நின்றேன்.

பெயர்களைப் படித்தார். நாலாவதாக மெலிஸ்ஸா. பெண்கள் பக்கம் யாரோ விம்மினார்கள், அவள்தான். திர்ஸுஸ் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், எனக்காகச் சந்தோஷப்பட்டான். பதினொன்று படித்ததும் வழக்கறிஞர் பலகையை மூடினார். "இன்னும் ஒரு பேர் இருக்கு. ஆனா அது செல்லாது."

"யாரு?" என்றார் செக்ஸ்துஸ்.

"திர்ஸுஸ்."

எல்லோரும் அந்த மொட்டைத் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் எவனோ சிரித்துவிட்டான். திர்ஸுஸும் சிரிக்கப் பார்த்தான். பிறகு இடுப்புத் தொப்பியை மெதுவாக உருவி, யார் கண்ணிலும் படாதபடி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான்.

செக்ஸ்துஸ் சொத்தை ஏற்பதாக அங்கேயே உரக்கச் சொன்னார். அந்தக் கணத்திலிருந்து பதினொரு பேர் சுதந்திரமானவர்கள். திர்ஸுஸ் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து ஆண்கள் எட்டுப் பேருக்கும் மழித்துவிட்டான். யாருக்கும் கீறல் விழவில்லை.

அக்டோபர் பிறந்து இருபத்துநான்காம் நாள்

இறுதி ஊர்வலம். முன்னோர்களின் மெழுகு முகங்களைப் போட்டுக்கொண்டு நடிகர்கள் நடந்தார்கள். அதற்குப் பின்னால் தொப்பி அணிந்த எட்டுப் பேர். பெண்கள் தலையை விரித்துப்போட்டு நடந்தார்கள், மெலிஸ்ஸா வயிற்றைப் பிடித்தபடி. விடுதலையான பழைய ஆள் என்று நானும் தொப்பியோடு நடந்தேன். திர்ஸுஸ் பல்லக்குத் தூக்கிகளுடன் தீவட்டி பிடித்து வந்தான், வெறும் மொட்டைத் தலையோடு. தூறல் வேறு. தெருவோரம் நின்ற ஒருவர் அவனைக் காட்டி, "தொப்பிய மறந்துட்டான் பாரு" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் பிறந்து இருபத்தெட்டாம் நாள்

சவரத்துக்கு உட்கார்ந்தேன். "ஐயா, தலையைக் கொஞ்சம் சாய்ங்க" என்றான்.

"என்னடா ஐயா?"

"இல்லைங்கய்யா. புது எஜமானர், விடுதலையானவங்களை மரியாதையாத்தான் கூப்பிடணும்னு சொல்லியிருக்காரு. பழகிக்கறேன்."

இருபது வருட அண்ணன் இன்றோடு போனான். பிறகு அவனே, "உங்க மேல ஒண்ணுமில்லைங்கய்யா. இருக்குன்னு சொன்னீங்க, இருந்துச்சு. வண்டிக்காரன் செத்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றான். அப்போதுதான் என் தாடையில் கத்தி பட்டது. அவன் பதறிப்போய்ச் சிமிழைத் திறந்து வலையை அப்பினான். கை கூப்பி மன்னிப்புக் கேட்டான். அவன் கை பிசகவில்லை. அசைந்தது நான்தான்.

நவம்பர் பிறந்து ஆறாம் நாள்

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு செக்ஸ்துஸிடம் போனேன். திர்ஸுஸுக்கு விடுதலை கொடுத்தால், வருடத்தில் நான் இந்த வீட்டுக்கு உழைக்கவேண்டிய நாட்களோடு இன்னும் எத்தனை நாள் வேண்டுமோ சத்தியம் செய்து தருகிறேன் என்றேன்.

"உனக்கு என்ன அவன் மேல அவ்வளவு பாசம்?" என்றார்.

அங்கே சொல்லியிருக்க வேண்டும்.

"பழகின ஆள்" என்றேன்.

"எனக்கும் பழகிடுச்சு ஹெர்மாஸ். இந்த ஊர்ல இப்படி ஒரு கை கெடைக்குமா? என் கழுத்த நான் யாருக்குக் கொடுக்குறது?" பெரியவர் சொன்ன அதே காரணம். அவர் அதற்காக விடுவிக்க நினைத்தார், இவர் அதற்காகப் பிடித்துவைத்திருக்கிறார்.

நவம்பர் பிறந்து பதினெட்டாம் நாள்

திர்ஸுஸின் தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது. முடி வளர்ந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

டிசம்பர் பிறந்து ஒன்பதாம் நாள்

ஆண் குழந்தை. சுதந்திரமான தாய்க்குப் பிறந்தது. தரையில் கிடத்தினார்கள், வழக்கப்படி நான் தூக்கி என் பிள்ளை என்று ஏற்றேன். என் கையில் இருந்தது ரோமாபுரியின் பிரஜை. எவனும் இவனை விற்க முடியாது. எவனும் இவனுக்குப் பெயர் வைத்துச் சந்தையில் நிறுத்த முடியாது.

மறுபடி அந்த உயிலை என் கையில் கொடுத்தால் என்ன செய்வேன்? குழந்தையின் விரல் என் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறது. பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் என் வெட்கத்தை மனம் திருந்தினேன் என்று சொல்லிக் கரைக்க முடியவில்லை.

டிசம்பர் பிறந்து பதினான்காம் நாள்

மாட்டிக்கொண்டேன்.

பிள்ளைபெற்ற அறையில் சும்மா படுத்திருக்கப் பிடிக்காமல், மெலிஸ்ஸா எழுத்துப் பலகையைக் கேட்டாள். மெழுகு மேடுபள்ளமாகிவிட்டது என்று கணப்படுப்பின் பக்கத்தில் வைத்தாளாம். குழந்தை அழுதது, எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது மெழுகு முழுவதும் உருகி வழிந்திருந்தது. அடியில் மரம். மரத்தில் நான் உழுத எழுத்துகள்.

நான் உள்ளே போனபோது பலகையை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில இருக்கறது என் பேருதானே?"

நான் கதவைச் சாத்தினேன்.

"கடைசியில இருக்கு" என்றாள். "உயில்ல நாலாவதா படிச்சாங்க." பிறகு நாலாவது வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். நானே சொல்லிக்கொடுத்த முறை. நெடுநேரம் ஆயிற்று. அவள் வாய் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குழந்தைக்காக…"

"குழந்தையச் சொல்லாதீங்க. அது கேட்டுச்சா?"

"அவன்கிட்ட சொல்லப்போறியா?"

"சொன்னா உங்களத் தீவுக்கு அனுப்புவாங்க. என்னத் திரும்பியும் நெசவறைக்கு. இவன…" என்று நிறுத்தினாள். குழந்தையைப் போர்த்திவிட்டாள். "நீங்க அன்னிக்கே என்னக் கேட்டிருந்தா, வேண்டாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன். அதான் எனக்கு ஆறல. நான் விடுதலையான அன்னிக்கு அவன் வந்து என் காலத் தொட்டு, நல்லாயிரு தாயின்னு சொன்னான். நானும் நல்லாயிருக்கேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளவில்லை.

பலகையை அடுப்பில் போட எடுத்தேன். தடுக்கவில்லை. "போடுங்க" என்றாள். "ஆனா பேரு நான்தான் வைப்பேன்."

டிசம்பர் பிறந்து பதினேழாம் நாள்

குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள், பெயர் சூட்டு. சனிதேவன் திருவிழாவும் இன்றுதான் தொடக்கம். இந்த ஏழு நாளும் எஜமானனும் அடிமையும் ஒன்று, எல்லார் தலையிலும் கம்பளித் தொப்பி. திர்ஸுஸும் அந்தத் தொப்பியைப் போட்டிருந்தான். அக்டோபரில் இடுப்பில் செருகியிருந்த அதே தொப்பி, மடிப்புக்கூடக் கலையவில்லை.

குழந்தையின் பெயரைச் சொல்லும்படி செக்ஸ்துஸ் கேட்டார். மெலிஸ்ஸா என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஔலுஸ் பாபிரியுஸ் திர்ஸுஸ்."

ஒரு நாவித அடிமையின் பெயரா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். திர்ஸுஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரோரம் போய் நின்று தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டான்.

"ஐயா, எனக்குன்னு யாரு இருக்கா? என் பேரு என்னோட செத்துப்போகும்னு நெனச்சேன். ஒரு சுதந்திரப் பிள்ளைக்குப் போய் வச்சிருக்கீங்களே. உங்க மனசு யாருக்கு வரும்?"

அவன் கத்தியை என் கழுத்தில் இறக்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வந்தவர்கள் போன பிறகு மெலிஸ்ஸாவிடம், "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"இனிமே நீங்க தினம் அந்தப் பேரைக் கூப்பிடணும்" என்றாள். "நானும்தான்."

டிசம்பர் பிறந்து இருபத்துநான்காம் நாள்

நேற்றோடு திருவிழா முடிந்தது. இன்று காலையில் எல்லார் தலையும் பழையபடி. திர்ஸுஸ் தன் தொப்பியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறான். அடுத்த வருடத்துக்காம்.

இந்த ஏழு நாளும் நான் பிள்ளையைக் கண்ணே என்றேன், பயலே என்றேன், ராஜா என்றேன். மெலிஸ்ஸா பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் அவள் தறியில் இருந்தபோது குழந்தை வீறிட்டு அழுதது. தொட்டிலை ஆட்டினேன், கிலுகிலுப்பையை ஆட்டினேன், அடங்கவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள், தறியை நிறுத்தாமல். "நான் அப்படித்தான் கூப்பிடறேன். அடங்கிடும்."

"திர்ஸுஸ்" என்றேன்.

முற்றத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "ஐயா, கூப்பிட்டீங்களா?"

தறி நின்றது. மெலிஸ்ஸா என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம். கதவு திறந்திருக்கிறது, அவன் நிற்கிறான், நான் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"இல்ல, குழந்தையத்தான்" என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "சின்னய்யாவையா? எனக்கு இன்னும் பழகலைங்க. பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மெலிஸ்ஸா எழுந்து வந்து, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன். முற்றத்தில் போய்க்கொண்டிருந்த காலடிச் சத்தம் மறுபடியும் நின்றது.